பூச்சியம் தசம் நான்கு

மூன்று நாளாய் இதே கதை.
குளிரில் ஒரே உதையில் எழும்புகிறது.
மெல்பன் வீதி இரண்டாம் சிக்னல் வரை
மரியாதையாய் வருகிறது.
சூடேறியதும் ஒரு தும்மல்.
பிறகு ஒன்றுமில்லை.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
எண்ணெய் ஆலைக் குழாயின் உச்சியில்
சுடர் மட்டும் அணையாமல் நின்று பார்க்கிறது.
அதுக்குக் கொழுப்பு.

அறுபத்திரண்டாம் ஆண்டு லம்பிரெட்டா.
லொரெட்டா ஸம்பெல்லி தகப்பனின் கராஜை
ஒதுக்கியபோது விற்றாள்,
கூடவே ஒரு பிஸ்கற் ரின் நிறைய ஆணியும் வொஷரும்.
"உங்களுக்கு எதற்கு இது?" என்று கேட்டாள்.
பதில் இருக்கவில்லை. காசு இருந்தது.

பிளைவீலில் ஒரு சன்னல் உண்டு.
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தால்
உள்ளே இரண்டு உலோகப் பொட்டுகள்:
தொட்டும் விட்டும், தொட்டும் விட்டும்,
ஓடும்போது நிமிடத்துக்கு ஐயாயிரம் தரம்.
தொடும்போது அல்ல,
விடும்போதுதான் பொறி.
(இதை எந்தக் கலியாணத்துக்கும் உவமையாக்க மாட்டேன்.)

"எலக்ரோனிக் செட் ஒண்டு வாங்கிப் பூட்டுமன்,"
என்கிறார் சத்தியேந்திரன், கதவில் சாய்ந்தபடி.
"பிறகு சாகுமட்டும் தொடத் தேவையில்லை."
தொடத் தேவையில்லாட்டி
எனக்கு உதில என்ன வேலை?

என் வேலை ஆஸ்பத்திரி நிலவறையில்.
கத்தரி, இடுக்கி, எலும்பு அறுக்கும் வாள்,
கழுவி, அவித்து, பொதிகட்டி மேலே அனுப்புவேன்.
பத்தொன்பது வருஷத்தில்
ஒரு நோயாளியின் முகமும் கண்டதில்லை.
ஒரு முனை மழுங்கினால் விரலுக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.

விரல் சொன்னது: ஒரு பொட்டில் குழி,
மற்றதில் மேடு.
இதிலிருந்து உருகி அதிலே ஏறியிருக்கிறது.
மெல்லிய அரத்தால் நாலே நாலு இழுவை.
ஸ்பிரிட்டில் துடைப்பு.
கம்பளித் துண்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய்:
கூடினால் பொட்டில் தெறிக்கும்,
குறைந்தால் குதி தேயும்,
குதி தேய்ந்தால் இடைவெளி சுருங்கும்,
பொறி பிந்தும்.
பூச்சியம் தசம் நான்கு மில்லிமீற்றர்.
பீலர் கேஜ் வெண்ணெயில் கத்திபோல இழுபட வேண்டும்,
குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெய்.

எந்தக் கணத்தில் விடுகிறது என்றறிய
நடுவில் சிகரெட் தாள் செருகிச் சுற்ற வேண்டும்.
வீட்டில் புகைப்பவர் இல்லை.
பெற்றோல் நிலையத்து ஹர்மீத்
தாளை எடுத்துவைத்து என் நரையைப் பார்த்தான்.
"எஞ்சினுக்கு," என்றேன்.
"எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்க, ஆன்ட்டி."

தாள் நழுவியது, குறிக்கு நேரே, மயிரிழை பிசகாமல்.
ஆனாலும் இரண்டாம் சிக்னலில்
அதே தும்மல்.

தள்ளிக்கொண்டு வந்து பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
உட்புறத்தில் பென்சில் எழுத்து:
திகதி, மைல், இடைவெளி.
நாற்பது. நாற்பது. முப்பத்தெட்டு.
அடுத்த வரியில் இத்தாலியில் ஏதோ,
தகடு கீறும் அளவுக்கு அழுத்தி.
படமெடுத்து லொரெட்டாவுக்கு அனுப்பினேன்.
இரவு பதில் வந்தது:
"கண்டென்சரை உள்ளே வைக்காதே, வேகும், என்று எழுதியிருக்கிறார்.
இடையிலே மூன்று சொல் விட்டிருக்கிறேன்.
அப்பா அவற்றை எங்கள் முன்னால் பேசியதே இல்லை."

வெளியே எடுத்தேன்.
பற்றாசு வைத்து, வயர் நீட்டி,
காற்றுப்படும் இடத்தில் புதிய கண்டென்சரைப் பூட்டினேன்.
மூன்று சொல்லையும் ஊகித்துத்
தமிழில் சொல்லிக்கொண்டே.

சனிக்கிழமை.
முதலாம் சிக்னல். இரண்டாம் சிக்னல், சிவப்பு.
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.
கீழே அது டக்டக்கென்று
தன்பாட்டில் எதையோ மென்றுகொண்டிருந்தது.

பச்சை.
இதற்கு அப்பால் எங்கே போவதென்று
யோசித்திருக்கவில்லை.
இடப்பக்கம் கடல்.
பெருவிரல் சிக்னல் சுவிட்சைத் தேடியது.
அறுபத்திரண்டில் அது இல்லை.
கையை நீட்டினேன்.